கரிச்சூளையும் வன்னி மண்ணும்

முல்லைத்தீவிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரையோரமாகச் செல்லும் பாதை அலம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்து நாயாற்றை அடைகின்றது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே நாயாற்றுக் களப்பு. அதனை அடுத்த உட்பகுதியிலே குமுழமுனை வயல்வெளியும் தண்ணிமுறிப்புக் குளமும். அவற்றையும் கடந்தால் வன்னிப் பெருங்காடு. நாயாறு என்றவுடன் மீனையும் இறாலையும் பற்றிப் பேசுவோர் பலர். அதன் மண்ணைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் ஓர் ஊரின் வரலாறு அதன் மக்களின் வரலாறு மாத்திரமன்று, மண்ணின் வரலாறுமாகும்.

இப்பகுதியின் கரையோரத்தில் உள்ளது மணல் நிலம். உள்ளே செல்லச் செல்லச் செம்மண் நிலம். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டும். அதன்பின் மாதக்கணக்காக வெயில் காயும். பெருமழையானது மண்ணிலுள்ள சத்துக்களைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்கின்றது. கடும் வெப்பமோ எஞ்சிய மக்கை விரைவிலே சிதைத்துவிடுகின்றது. கமக்காரன் இடுகின்ற எருவும் குழையும் சில போகங்களுக்குமேல் நிலைப்பதில்லை. ஆகவே இங்குள்ள கமக்காரனை நோக்கி நிலம் தொன்றுதொட்டு விடுத்துவரும் வினா ஒன்றே: கொடுத்த சத்தை மண்ணிலே நிறுத்திவைப்பது எவ்வாறு? அவ்வினாவுக்கு மனிதன் கண்ட விடைகளுள் ஒன்று கரி. அடுப்பங்கரையிலும் கொல்லன் உலையிலும் மாத்திரம் இடம்பெற்றதாகக் கருதப்பட்ட கரி, வயலுக்குள் புகுந்த கதை சுவையானது, படிப்பினை நிறைந்ததுமாகும்.

வன்னியின் பழைய பயிர்முறைகளுள் முதன்மையானவை இரண்டு. குளத்தின் கீழ் நெல் விளைவது ஒன்று. காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர் மற்றொன்று. கோடையிலே காட்டின் ஒரு பகுதி வெட்டப்படும். வெட்டிய மரமும் செடியும் வெயிலில் உலர்ந்தபின் தீயிடப்படும். முதல் மழையோடு குரக்கன், சாமை, தினை, சோளம், பயறு, எள் முதலியவை விதைக்கப்படும். ஓரிரு ஆண்டுகள் விளைவித்தபின், அந்நிலம் மீண்டும் காடாகும்படி விடப்படும். நிலத்துக்கு நீண்ட ஓய்வு கிடைத்த காலத்தில் இம்முறை மக்களையும் காத்தது, காட்டையும் அழித்துவிடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், காட்டு நிலத்தையும் சேனை நிலத்தையும், உரிமை நிறுவப்பட்டாலன்றி, அரசுக்குரியனவெனக் கொள்ள வகைசெய்தது. 1882இல் வின்சென்ட் என்னும் அதிகாரி இலங்கைக் காடுகளின் நிருவாகத்தைப் பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். 1885இல் காட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1887இல் காட்டுத் திணைக்களம் அமைந்தது. சேனைக்காரன் காட்டின் பகைவனென்று அரசாங்க ஏடுகளில் எழுதப்பட்ட காலம் அது. வன்னியிலே கடமையாற்றிய ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்டதும் அக்காலத்திலேயே. சட்டம் சேனையைக் கட்டுப்படுத்திற்று. ஆயின் ஓய்வில்லாது பயிரிடப்படும் நிலத்துக்கு வேறு வழியில் வளமூட்டுவது எவ்வாறு என்னும் வினா அப்படியே நின்றது.

சேனைத் தீ மண்ணுக்கு அளிப்பது யாது? பெரும்பகுதி சாம்பல்; சிறுபகுதி கரி. இவ்விரண்டும் ஒன்றன்று. திறந்த வெளியில் காற்றுத் தாராளமாகக் கிடைக்கும்போது மரத்திலுள்ள கரிமம் ஏறத்தாழ முழுவதும் எரிந்து வாயுவாகிப் போய்விடும். எஞ்சும் சாம்பலில் பொற்றாசியமும் சுண்ணாம்பும் உண்டு. அவை முதற்போகத்துக்கு நன்மை செய்யும். பெருமழை பெய்தால் கரைந்தோடும். சேனை நிலம் விரைவிலே சோர்வடைவதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றை அடக்கி மரத்தைச் சூடாக்கினாலோ விளைவு வேறு. முதலில் ஈரம் ஆவியாகும். வெப்பம் 200 பாகை சென்ரிகிரேட்டைக் கடந்தபின் மரம் சிதைந்து புகையும் வாயுக்களும் வெளிப்படும். 400 அல்லது 500 பாகையை எட்டும்போது எஞ்சியிருப்பது கரி. மரத்தின் நுண்குழாய்கள் அழியாமல் அதனுள் அப்படியே நிற்கும். கண்ணுக்குத் திண்மையாகத் தோன்றும் அக்கரித்துண்டு உண்மையில் எண்ணிறந்த நுண்ணறைகளின் கூடு. நன்கு சுடப்பட்ட ஒரு கிராம் கரியின் உட்பரப்பு நூற்றுக்கணக்கான சதுர மீற்றரை எட்டக்கூடும். நீரும் சத்தும் நுண்ணுயிர்களும் தங்குவதற்கு அவ்வறைகள் இடமளிக்கின்றன. மக்கு சில ஆண்டுகளில் மறையும். கரியோ நூற்றாண்டுக்கணக்காக மண்ணில் நிலைக்கும்.

கரி சுடுந் தொழில் தமிழருக்கும் இலங்கையருக்கும் புதியதன்று. இலங்கையின் தென்பகுதியில் சமனலவெவவை அண்டிய மலைச்சரிவுகளில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளின் சிதைவுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஜில் ஜூலெவ் என்னும் அறிஞர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, கி. பி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அத்தொழில் நடைபெற்றதைக் காட்டிற்று. அவ்வுலைகளுக்கு உணவாக இருந்தது கரியே. தமிழ்நாட்டின் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலே சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுந் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளித்து வருகின்றது. விறகை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண்ணால் மூடி, காற்றுக்குச் சிறு துளைகள் மாத்திரம் விட்டுத் தீமூட்டுவர். மூட்டம் பல நாள் புகையும். புகையின் நிறத்தைக் கண்டே உள்ளே வேக்காடு எந்நிலையில் உள்ளதென்று தேர்ந்தவர் கூறுவர். துளையொன்று பெரிதானால் கரி சாம்பலாகிவிடும். ஆகவே இரவிலும் காவலிருக்க வேண்டும். இறுதியில் பெருங்கரி மூடைகளில் ஏறிச் சந்தைக்குச் செல்லும். தூள் கரி களத்திலேயே கிடக்கும்.

இலங்கையிலே தேங்காய்ச் சிரட்டைக் கரிக்குத் தனியிடம் உண்டு. முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவுக்கு எதிரான முகமூடிகளில் இடுவதற்குச் சிரட்டைக் கரி தேடப்பட்டது. நுண்ணறைகள் நஞ்சைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலே அதற்குக் காரணம். பிற்காலத்தில் சிரட்டைக் கரியிலிருந்து வீரியக் கரி செய்து ஏற்றுமதி செய்யும் கைத்தொழில் இந்நாட்டில் வளர்ந்தது. ஒரு தொன் கரிக்கு ஏறத்தாழ 20,000 தேங்காய்களின் சிரட்டை வேண்டும். இவ்வாறு இரும்புக்கும் அடுப்புக்கும் போருக்கும் பயன்பட்ட பொருள், பயிருக்கும் பயன்படும் என்பதை உலகம் பிந்தியே உணர்ந்தது.

அவ்வுணர்வைத் தூண்டியது தென்னமெரிக்காவின் அமேசன் காடு. 1542இல் அந்நதிவழியே சென்ற ஒறெல்லானா என்னும் ஸ்பானியத் தளபதியின் கூட்டத்தார், கரையெங்கும் மக்கள் செறிந்த ஊர்களைக் கண்டதாக எழுதிவைத்தனர். அமேசன் மண்ணோ வளம் குன்றியது. அத்துணை மக்களை அது தாங்கியிருக்க இயலாதென்று பிற்காலத்தார் பலர் ஐயுற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சென்ற ஆய்வாளர்கள் மஞ்சள் மண்ணின் நடுவே திட்டுத் திட்டாக அமைந்த கறுப்பு மண்ணைக் கண்டனர். 1966இல் ஒல்லாந்து மண்ணியலறிஞர் விம் சொம்புறூக் அமேசன் மண்வகைகளைப் பற்றிய நூலில் அதனை விரிவாக ஆராய்ந்தார். அக்கறுப்பு மண்ணில் கரியும் எலும்பும் மட்பாண்டத் துண்டுகளும் சமையற் கழிவும் கலந்திருந்தன. அது மனிதர் உருவாக்கிய மண். ஆக்கியோர் நோயாலும் படையெடுப்பாலும் அழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்தும், அவர்கள் ஆக்கிய மண்ணின் வளம் அழியவில்லை. ஆபிரிக்காவிலும் இதனையொத்த சான்று கிடைத்தது. கானா நாட்டின் எஜுரா என்னுமிடத்தில், பழைய கரிமூட்டங்கள் இருந்த நிலத்தில் சோளம் அயல்நிலத்தினும் மிகுதியாக விளைந்ததென்று 2004இல் வெளியான ஆய்வு கூறிற்று. யப்பானில் உமியைக் கருக்கி நாற்றுமேடைக்கு இடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. இவ்வாறு மண்ணுக்கெனச் சுடப்படும் கரிக்கு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிர்க்கரி என்னும் பொருள்படும் பயோச்சார் என்ற பெயர் நிலைபெற்றது.

பெயர் பெரிதாயினும் அதற்கு வேண்டிய சூளை எளியது. ஊரார் தாமே அமைத்துக்கொள்ளக் கூடியது. முறைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. முதலாவது, உமி கருக்கும் முறை. துளையிட்ட தகரப் பேணியொன்றின்மேல் புகைக்குழாயைப் பொருத்தி, உள்ளே நெருப்பிட்டு, சுற்றிலும் உமியைக் குவிப்பர். வெப்பம் உள்ளிருந்து வெளியே பரவ, உமி கறுக்கும். மேற்பரப்புக் கறுத்தவுடன் கிளறி நீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். தாமதித்தால் வெண்சாம்பலே எஞ்சும். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. ஆயிரம் கிலோ நெல்லைக் குற்றினால் 200 கிலோ உமி கிடைக்கும். அரிசி ஆலைகளின் பின்புறத்தில் குன்றெனக் குவிந்து வீணே எரியும் அவ்வுமியைக் கருக்கி வயலுக்கிடுமாறு இலங்கை விவசாயத் திணைக்களமும் கமக்காரருக்குக் கூறிவந்துள்ளது.

இரண்டாவது, தகரப் பீப்பாய்ச் சூளை. சிரட்டைக்கும் சிறு சுள்ளிக்கும் அது ஏற்றது. மூன்றாவது, கூம்புவடிவக் குழிச்சூளை. 2014இல் சுவிற்சர்லாந்திலே இத்தகைய சூளையொன்று வகுக்கப்பட்டு, எவரும் செய்துகொள்ளும்படி அதன் அமைப்பு வெளியிடப்பட்டது. நேபாளத்து மலைக்கிராமங்களில் இரும்புச் செலவும் இன்றி, நிலத்தில் கூம்பாகக் குழி தோண்டியே இதனைச் செய்தனர். அடியில் தீமூட்டி, உலர்ந்த சுள்ளிகளை மெல்லிய அடுக்குகளாக இடுவர். மேலடுக்கின் சுவாலை, காற்றைத் தானே உண்டு கீழடுக்கிலுள்ள கரியைக் காக்கும். கீழிருந்து எழும் வாயுவும் அச்சுவாலையில் எரிந்துபோவதாற் புகை குறையும். மண்மூட்டம் பல நாளிற் செய்வதை இது சில மணி நேரத்திற் செய்துவிடும். ஒருவர் சுள்ளி சேர்க்க, ஒருவர் அடுக்க, ஒருவர் நீர் சுமக்க வேண்டியிருத்தலால் இது இயல்பாகவே கூட்டுத்தொழிலாகின்றது.

ஆயின் சுட்ட கரியை அப்படியே வயலிற் கொட்டுதல் தவறு. வெறுங்கரி மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் தானே பற்றிக்கொண்டு பயிரைப் பட்டினியிடக்கூடும். மாட்டெருவோடும் மாட்டுச் சிறுநீரோடும் கூட்டெருவோடும் கலந்து சில கிழமைகள் ஊறவிட்ட பின்னரே அது பயிருக்குத் துணையாகும். கரி உணவன்று, உணவைக் காக்கும் களஞ்சியம். உலகெங்கும் நடந்த பல பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, வெப்பவலய நாடுகளில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்ததென்றும், குளிர்நாடுகளில் அத்தகைய உயர்வு காணப்படவில்லையென்றும் கூறுகின்றது. புளித்தன்மை மிக்க, வளம் குன்றிய மண்ணிலேதான் நன்மை மிகுதி. சாம்பல் கலந்த கரி காரத்தன்மையுடையது. ஆகையால் சுண்ணாம்பு மிகுந்த கரையோர நிலத்தில் சிறு பாத்தியிலே சோதித்துப் பார்த்தபின்னரே பெருநிலத்துக்கு இடுதல் அறிவுடைமை.

நாயாற்றையும் அதன் அயலூர்களையும் பொறுத்தவரை இது வெறும் விஞ்ஞானச் செய்தியன்று. 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு முதலிய கரையோர ஊர்களின் தமிழ் மக்கள் தம் வீட்டையும் வயலையும் விட்டு அகல நேர்ந்தது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சூறையாடியது. 2009இல் போர் முடிந்தபின் மீண்ட குடும்பங்களை வரவேற்றவை பற்றைக்காடு மூடிய காணிகள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை தளர்ந்தபோதிலும் உரவிலை ஏறியே நின்றது. மண்ணைத் தானே பேணும் வழி அறியாதவன் பிறர் கையையும் கப்பலையும் பார்த்திருக்க வேண்டும் என்பதை நாடு முழுவதும் உணர்ந்த காலம் அது. மண்ணை ஆயத்தம் செய்யாமல் உரத்தை மாத்திரம் ஒரே நாளில் நிறுத்தியதன் கேட்டையும் அது காட்டிற்று.

மற்றோர் ஆபத்தும் உண்டு. கரிக்கு விலை ஏறினால் கோடரி காட்டை நோக்கித் திரும்பும். பாலையும் முதிரையும் வீரையும் ஓரிரவில் வளர்ந்த மரங்களல்ல. களப்பின் ஓரத்துக் கண்டல் மரம் சிறந்த கரி தரும். ஆயின் மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளர்வது அதன் வேர்களின் நடுவிலேதான். மலேசியாவின் மாத்தாங் கண்டற்காட்டில் கரிக்கு மரம் வெட்டுகின்றனர். அங்கே காட்டைக் கூறுகளாகப் பிரித்து, வெட்டிய கூற்றுக்கு ஏறத்தாழ 30 ஆண்டு ஓய்வளிக்கும் கண்டிப்பான ஒழுங்கு உண்டு. அத்தகைய ஒழுங்கு இல்லாத இடத்திலே கண்டலைக் கரியாக்குதல் களப்பைக் கொல்வதாகவே முடியும். நாயாற்றில் அதன் பொருள் மீனவர் வலை வெறுமையாதலேயாம்.

ஆகவே சூளைக்கு உணவாக வேண்டியவை வயலும் வீடும் கழிக்கும் பொருள்களே: குமுழமுனை நெல்லின் உமி, பனையின் உலர்ந்த மட்டையும் ஊமலும், தேங்காய்ச் சிரட்டை, வேலியில் வெட்டிய கதியால். காட்டை எரித்து ஓரிரு போகத்துக்கு உயிர்பெற்ற சேனைத் தீ, கழிவை மாத்திரம் உண்ணும் சூளைத் தீயாக ஒடுங்குமாயின், காட்டுக்கும் கமத்துக்கும் இடையே ஏடுகள் எழுதிவைத்த பழைய பகை தீர வழியுண்டு. அமேசனின் பெயரறியாக் கமக்காரர் தம் பின்னோருக்கு விட்டுச்சென்றது கறுத்த மண் ஒன்றையே. பலமுறை வேரறுக்கப்பட்டு மீண்டும் வேரூன்றும் ஒரு மக்கட் கூட்டத்துக்கு, அதனினும் உறுதியான முதுசொம் வேறு யாதுளது?