முதுசமும் தேடிய தேட்டமும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திற் சமயத் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்து மக்களின் வழக்காறுகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டில் தொகுத்தளித்தார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பு ஒரு குடும்பத்தின் ஆதனத்தை மூன்றாக வகுத்துக் கூறும். முன்னோர் வழியாக வருவது முதுசம். மணமகளோடு வருவது சீதனம். கணவனும் மனைவியும் வாழ்நாளில் ஈட்டிக் கொள்வது தேடிய தேட்டம். காணியையும் பொன்னையும் இவ்வாறு வகுத்துப் பார்த்த சமுதாயம், தன் சமயத்தை இவற்றுள் எவ்வகையிற் சேர்த்தது? பெற்றோர் கையளித்துச் சென்ற முதுசமாகவா, அன்றி ஒருவன் தன் அறிவாலும் மனச்சான்றாலும் ஈட்டிக்கொள்ளும் தேட்டமாகவா? கடந்த நூற்றாண்டுகளில் யாழ்ப்பாணத்தவர் இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையாலே விடை கூறினர். அவ்விடைகள் நாம் பொதுவாக எண்ணுவது போல எளிமையானவை அல்ல என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமயமாற்றம் பற்றிப் பேசும்பொழுது எம்மவரிடையே இரு கூற்றுகள் வழங்கக் காண்கிறோம. பிறந்த சமயத்தை விட்டவர் யாவரும் சோற்றுக்கும் சம்பளத்துக்கும் விலைபோனவர் என்பது ஒன்று. பிறந்த சமயத்திலே நின்றவர் யாவரும் சிந்தியாது பழமையைப் பற்றிக் கிடந்தவர் என்பது மற்றொன்று. முன்னையது கோயில் வீதியிலும் பின்னையது பிரசங்க மேடையிலும் கேட்கப்படுவது. வரலாற்றை ஊன்றி நோக்குவோர் இவ்விரண்டையும் ஒருங்கே மறுக்க வேண்டியவராவர்.

யாழ்ப்பாண அரசர் காலத்திலேயே சமயத் தெரிவு உயிரை விலையாகக் கேட்டதுண்டு. மன்னாரிலே கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய ஏறத்தாழ 600 பேர் 1544ஆம் ஆண்டில் சங்கிலி மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். போர்த்துக்கேயரின் அரசியற் செல்வாக்குப் பரவிவிடும் என்னும் அச்சமே அக்கொடுமைக்கு அடிப்படையாயிற்று என்பர். பின்னர் 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கைப்பட்டபோது நிலை தலைகீழாயிற்று. கோயில்கள் இடிக்கப்பட்டன, ஆள்வோரின் சமயமே குடிகளின் சமயமெனக் கொள்ளப்பட்டது. 1658இல் வந்த ஒல்லாந்தரோ சைவத்தை மட்டுமன்றிக் கத்தோலிக்கத்தையும் தடைசெய்து, தமது சீர்திருத்தத் திருச்சபையையே நாட்டில் நிலைநாட்ட முயன்றனர்.

ஒல்லாந்தர் கையாண்ட முறை ஈண்டு நுணுகி நோக்கற்பாலது. அவர்கள் வாளினும் ஏட்டையே பெரிதும் நம்பினர். ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. திருச்சபையிற் பதியப்படாத திருமணம் சட்டத்தின் முன் திருமணமாகக் கொள்ளப்படவில்லை. அத்தகைய மணத்திற் பிறந்த பிள்ளைக்கு ஆதன உரிமையில் இடர்ப்பாடு நேர்ந்தது. அரச உத்தியோகமும் ஞானஸ்நானம் பெற்றவர்க்கே உரியதாயிற்று. சுருங்கக் கூறின், காணி முதுசத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின் சமய முதுசத்தைக் கைவிட வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. மக்கள் கண்ட வழி யாது? தோம்பிலே பெயரைக் கொடுத்தனர். மனத்திலே தெய்வத்தை வைத்தனர். விரத நாளில் உணவுண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அதிகாரிகள் கண்டுகொள்வர் என அஞ்சி, அதனைக் கூரை இறப்பிலே செருகி மறைத்தனர் எனக் கூறும் செவிவழிச் செய்தி இன்றும் எம் ஊர்களில் வழங்குகின்றது.

கத்தோலிக்கரின் நிலையும் இதுவே. போர்த்துக்கேயர் காலத்திலே அச்சமயத்தைத் தழுவியோரின் மக்களும் பேரரும் ஒல்லாந்தர் காலத்தில் அதனை மறைவாகப் பேணினர். கோவையிலிருந்து யோசேவ்வாஸ் முனிவர் 1687ஆம் ஆண்டில் மாறுவேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்தபோது, சில்லாலை போன்ற ஊர்களில் அவரை மறைத்து வைத்துப் போற்றிய குடும்பங்கள் இருந்தன. இக்குடும்பங்களின் முன்னோர்க்குக் கத்தோலிக்கம் புதிதாக வந்த சமயம். இவர்களுக்கோ அது பிறப்போடு வந்த சமயம். பெற்றோரின் தேடிய தேட்டம் பிள்ளைகளுக்கு முதுசமாகிவிடும் என்பது தேசவழமையின் நியதி. சமயத்திலும் அந்நியதி செல்லுபடியாதலை இங்கே காண்கிறோம். இன்று முதுசமாகப் போற்றப்படும் எச்சமயமும் எப்பொழுதோ ஒருவர் தேடிக்கொண்ட தேட்டமே என்பதை நாம் மறத்தல் ஆகாது. அன்றியும், இழப்பை ஏற்று ஒன்றைக் காத்து நிற்றல் வெறும் பழக்கம் ஆகாது. அதுவும் ஒரு தெரிவேயாகும். இலையை மறைத்த சைவரும் குருவை மறைத்த கத்தோலிக்கரும் இவ்வகையில் ஒரு தன்மையரே.

1796இல் ஆங்கிலேயர் கைக்கு நாடு மாறியது. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் 1806இல் நீக்கப்பட்டன. கட்டாயம் தளர்ந்தவுடன் தோம்பிலே மட்டும் கிறித்தவராக இருந்தோர் பெருந்தொகையினராகப் பழைய வழிபாட்டுக்கு வெளிப்படையாக மீண்டனர். ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுக் காலக் கட்டாயம் விட்டுச்சென்றது மிகச் சிறிதே. ஆணையால் ஒருவனுடைய பெயரை மாற்றலாம், மனத்தை மாற்றல் அரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அடுத்து வந்தது வேறு வகையான முயற்சியாகும். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் ஆட்சியதிகாரம் அற்றவர்கள். கல்வியையே கருவியாகக் கொண்டவர்கள். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கப்பட்டது. 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. செமினரியில் ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானசாத்திரமும் கற்பிக்கப்பட்டன. உணவும் உடையும் இலவசம். மாணவர் சிலரின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்க அன்பர் விரும்பிய பெயர்கள் அம்மாணவர்க்கு இடப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் பெயர்களிலே யாழ்ப்பாணமும் அமெரிக்காவும் அருகருகே நிற்பதைக் காணலாம்.

இங்கே தெரிவு சுதந்திரமானதா? வறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்குச் சோறும் கல்வியும் எதிர்கால உத்தியோகமும் ஒருபுறம் காட்டப்படும்போது, அவன் ஏற்கும் ஞானஸ்நானத்தை முற்றிலும் அவனுடைய தெரிவு எனக் கூறல் இயலாது. இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் இவ்வையம் மிஷனரிமாருக்கே இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. செமினரியிற் கற்றோர் சுவிசேஷப் பணியை நாடாது அரச சேவையையும் வணிகத் தாபனங்களையும் நாடுகின்றனர் என்பது அவர்தம் தலைமைத் தாபனத்தின் மனக்குறையாயிற்று. 1855இல் செமினரி மூடப்பட்டமைக்கு அதுவும் ஒரு முக்கிய காரணமாகும். மாணவர் கல்வியை ஏற்றனர். சமயத்தைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் தத்தம் வழியிலே சென்றனர். அவ்வழிகளுட் சிலவற்றை நோக்குவோம்.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) செமினரி மாணவர் அல்லர். உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்குப் பல்லாண்டு துணைபுரிந்தவர். கிறித்தவ வேதத்தை அத்துணை ஆழமாக அறிந்த சைவர் அக்காலத்தில் மிகச் சிலரே. 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இற் சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. அந்நூலிலே சைவக் கிரியைகளுக்கு ஒப்பானவற்றை விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டி அவர் வாதிட்டார். பிரசங்கம், அச்சு, பாடசாலை, வினாவிடை நூல் என அவர் கையாண்ட சாதனங்கள் பல மிஷனரிமாரிடம் கண்டவையே. நாவலர் பிறந்த சமயத்தில் நின்றார் என்பது உண்மை. ஆனால் மாற்றுச் சமயத்தை மூலநூலளவிற் கற்றறிந்து, பின் தம் சமயத்தைக் காரணங்களோடு ஏற்றமையால், முதுசத்தை அவர் மீண்டும் ஒருமுறை தேடிக்கொண்டார் எனல் பொருந்தும்.

கறோல் விசுவநாதபிள்ளை நாவலரின் கண்டனத்துக்கு மறுப்பாகச் சுப்பிரதீபம் என்னும் நூலை எழுதியவர். பின்னாளில் அவரே சைவத்திற்கு மீண்டார். அவரோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832-1901) இளமையிற் கிறித்தவராக விளங்கிப் பின்னர்ச் சைவரானார். சைவரான அவர் 1881இற் பதிப்பித்த வீரசோழியம் பௌத்தர் ஒருவர் இயற்றிய இலக்கணம் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வரலாறு அவரோடு முடிந்ததா எனின், இல்லை. அவருடைய மைந்தர் அழகசுந்தரம் கிறித்தவத்தைத் தழுவி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரோடு போதகராகவும் தமிழ் விரிவுரையாளராகவும் விளங்கினார். தந்தை தேடிக்கொண்ட சைவம் மைந்தரின் முதுசமாயிருந்தது. அவரோ வேறொன்றைத் தேடிக்கொண்டார். ஆயின் அவர் தம் முதுசத்தை வெறுத்தாரல்லர். சைவ நாயன்மாரின் பாடல்களைப் பிலிப்ஸ் என்பாரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921இல் வெளியிட்டவர் அவரே.

ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையோ சைவராகப் பிறந்து, மாணவப் பருவத்திற் கிறித்தவராகி, இறுதிவரை அச்சமயத்திலேயே நிலைத்தவர்; உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவர். 1886இல் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகத்திலே சைவர், வைணவர், சமணர், கிறித்தவர் எனப் பல சமயப் புலவர்களும் இடம்பெறுகின்றனர். சம்பளத்துக்காகச் சமயம் மாறினார் என்னும் ஒரு சொல்லில் இத்தகைய வாழ்க்கையை அடக்கிவிட முடியுமா?

இதுகாறும் கூறியவை கற்ற ஆடவரின் வரலாறு. அவருட் பெரும்பாலோர் வேளாளர். தெரிவு என்பது எல்லோர்க்கும் ஒப்பக் கிட்டியதோ என வினவுதல் எம் கடமையாகும். உடுவிலிற் கற்ற பெண்கள் பலர் செமினரி மாணவர்க்கு மணமுடித்து வைக்கப்பட்டனர். கணவர் சமயம் மாறியபோது மனைவியரின் கருத்தை யார் கேட்டனர்? விவாத நூல்களிலே அவர்தம் குரல் கேட்பதில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினரின் நிலையோ இன்னும் கொடியது. நாவலர் சாதியாசாரத்தை ஏற்றுக்கொண்டே சைவத்தை வளர்த்தார். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் இயற்றப்பட்ட பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழைவதற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. வாயிலிலே தடுக்கப்பட்டவனிடம், ‘இது உன் முன்னோர் சமயம், விட்டுச் செல்லாதே’ எனக் கூறுவதற்கு யாருக்கு உரிமை உண்டு? பங்கு கொடுக்கப்படாத முதுசம் முதுசம் ஆகாது. அத்தகையோருட் சிலர் வேறு சமயங்களை நாடினரெனின், அதற்கு நாணவேண்டியவர் வெளியேறியவர் அல்லர், கதவடைத்தவரே.

1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் உறுப்புரை சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் உள்ளடக்கியது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பும் சமயத்தை உடையவராயிருக்கவோ மேற்கொள்ளவோ உள்ள சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்கின்றது. ஆயினும் 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர்நீதிமன்றம் கருத்துரைத்தது. தோம்பு எழுதிய ஒல்லாந்தரின் ஆசை முற்றாக மறைந்துவிடவில்லை என்பதை இது காட்டும். ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் மாற்றுதல் பிழையே. ஆனால் மாறுதலைச் சட்டத்தாற் தடுத்தலும் அதே பிழையின் மறுபக்கமாகும். இரண்டும் மனச்சான்றின் இடத்தில் ஆணையை இருத்துவன.

எம் ஊர்களிலே ஒரே பரம்பரையின் ஒரு கிளை தேவாலயத்துக்கும் மறு கிளை கோயிலுக்கும் செல்வது புதுமையன்று. செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் இரு கிளையாரும் ஒன்றாகவே நிற்பர். அறிஞர் விவாதித்து முடியாத வினாவை எம் ஆச்சிமார் உறவு முறையாலே தீர்த்துவைத்தனர் போலும்.

தேசவழமையின் மற்றுமொரு நியதியைக் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்யலாம். முதுசக் காணி முதுசமாகவே நிற்கும். ஆனால் திருமண வாழ்வின்போது அக்காணியிலிருந்து பெறும் வருவாய் தேடிய தேட்டமாகும். முன்னோர் தந்த நிலமாயினும், உழுதவர் கண்ட விளைவு உழுதவரின் ஈட்டமே. சமயமும் அத்தகையது. பெற்றோர் தந்ததை உழாது தரிசாக விட்டுப் பட்டயத்தை மட்டும் போற்றி வைத்திருப்பவனிலும், அந்நிலத்தையே உழுது பயன் கொண்டவனும், வேறு நிலம் தேடிச் சென்று உழைத்தவனும் மேலானவர். நாவலரும் சதாசிவம்பிள்ளையும், தாமோதரம்பிள்ளையும் அவர்தம் மைந்தரும் வெவ்வேறு நிலங்களை உழுதனர். எங்கள் பாடசாலை இடாப்பிலே சமயம் என்னும் நிரலை எம் பெற்றோர் நிரப்பினர். அதனை மீண்டும் ஒருமுறை எம் கையால் நிரப்ப வேண்டிய வயது எமக்கு வந்துவிட்டது. அதே சொல்லையே எழுதினும், வேறு சொல்லை எழுதினும், அறிந்து எழுதுவோமாக.