ஸ்கேலர் புலத்தின் இயக்கச் சமன்பாடு: லாக்ராஞ்சியன் முறை

ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு கணத்திலும் திசையற்ற ஓர் எண்ணால் குறிக்கப்படும் புலம் ஸ்கேலர் புலம் எனப்படும். அறையின் வெப்பநிலைப் பரவலும் அத்தகையதே. துகள் இயற்பியலில் முதன்மையானது ஹிக்ஸ் புலம். ஒரு ஸ்கேலர் புலம் காலப்போக்கில் மாறும் விதத்தை அதன் இயக்கச் சமன்பாடு சொல்கிறது. லாக்ராஞ்ச் 1788இல் வெளியிட்ட நூலில் துகள்களுக்குக் கையாண்ட முறையைப் புலங்களுக்கு விரித்தால் அச்சமன்பாடு கிடைக்கும்.

துகளின் இயக்க ஆற்றலிலிருந்து நிலையாற்றலைக் கழித்தால் வருவது லாக்ராஞ்சியன். புலம் எங்கும் பரவியிருப்பதால் லாக்ராஞ்சியன் அடர்த்தி தேவைப்படுகிறது. ஒளியின் வேகத்தையும் குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலியையும் 1 எனக் கொண்டால் அதன் வடிவம் எளிது: புலத்தின் கால வகைக்கெழுவின் வர்க்கத்தில் பாதி, அதிலிருந்து இடச் சாய்வின் வர்க்கத்தில் பாதியையும், புலத்தின் மதிப்பை மட்டும் சார்ந்த நிலையாற்றலையும் கழிக்க வேண்டும். முதலிரு உறுப்புகளின் எதிரெதிர்க் குறிகள் சிறப்புச் சார்பியல் விதிப்பவை.

இந்த அடர்த்தியை இடம், காலம் முழுவதும் தொகையிட்டால் வரும் எண்ணுக்குச் செயல் என்று பெயர். மெய்யாக நிகழும் புலத்தைச் சிறிதளவு மாற்றினால் செயல் முதல் வரிசையில் மாறக்கூடாது. மாற்றத்தைப் புகுத்தியதும் அதன் வகைக்கெழுக்களும் தொகையீட்டுக்குள் வந்துவிடும். பகுதித் தொகையிடல் அவற்றை நீக்கும். அதில் எழும் எல்லை உறுப்புகள், எல்லையில் மாற்றம் சுழி என்ற நிபந்தனையால் மறைகின்றன. பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும் இந்நிபந்தனை இல்லாமல் வருவித்தல் நிற்காது. உள்ளே மாற்றம் எப்படி அமைந்தாலும் எஞ்சிய தொகையீடு சுழியாக வேண்டும். ஆகவே மாற்றத்தோடு பெருக்கப்படும் கோவை ஒவ்வொரு புள்ளியிலும் சுழியாகிறது. இதுவே ஆய்லர்–லாக்ராஞ்ச் சமன்பாடு.

நம் புலத்துக்கு விடை இது: இரண்டாம் கால வகைக்கெழுவிலிருந்து லாப்லாசியனை (இடம் சார்ந்த இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகையை) கழித்து, நிலையாற்றலின் வகைக்கெழுவைக் கூட்டினால் சுழி. நிலையாற்றல், நிறையின் வர்க்கத்தையும் புலத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதியானால், 1926இல் வெளிவந்த கிளைன்–கோர்டன் சமன்பாடு பிறக்கும். ஷ்ரோடிங்கர் அதை முன்பே எட்டியிருந்தார்; ஹைட்ரஜன் நிறமாலையின் நுண்ணமைப்போடு பொருந்தாததால் கைவிட்டார். தற்சுழற்சி உள்ள எலக்ட்ரானுக்கு ஸ்கேலர் புலம் பொருந்தாது என்பதே காரணம். 1934இல் பவுலியும் வைஸ்கோஃபும் அதைக் குவாண்டம் புலத்தின் சமன்பாடாகக் கொண்டு அதற்கு உரிய இடம் தந்தனர். நிலையாற்றலில் நான்காம் அடுக்கு உறுப்பைச் சேர்த்தால் சமன்பாட்டில் மூன்றாம் அடுக்கு தோன்றும். தீர்வுகளைக் கூட்டிப் புதிய தீர்வு பெறும் வசதி அத்தோடு போய்விடும்.

இம்முறையின் உண்மையான வலிமை விரியும் அண்டத்தில் தெரிகிறது. அங்கே கன அளவு, தொலைவுகள் எத்தனை மடங்காயின என்று சொல்லும் விரிவுக் காரணியின் மும்மடியாக வளர்வதால், அம்மும்மடி தொகையீட்டில் பெருக்கியாக நுழைகிறது. பகுதித் தொகையிடும்போது கால வகைக்கெழு அதன்மீதும் செயல்படும். விளைவாக, விரிவின் வீதமான ஹப்பிள் அளவுருவின் மும்மடங்கைப் புலத்தின் மாறுவீதத்தால் பெருக்கிய புதிய உறுப்பு, யாரும் கையால் சேர்க்காமலே தோன்றி உராய்வைப் போலப் புலத்தின் வேகத்தைத் தணிக்கிறது. தொடக்கத்தில் அண்டம் மிக வேகமாக விரிந்தது என்னும் அண்டப் பெருவீக்கக் கோட்பாட்டில் புலம் நிலையாற்றல் சரிவில் மெதுவாக இறங்குவதற்கு இந்த உறுப்பு இன்றியமையாதது. லாப்லாசியன் உறுப்போ விரிவுக் காரணியின் வர்க்கத்தால் வகுபட்டு விரைவில் வலுவிழக்கிறது. எனவே பெருவீக்கக் கணக்குகளின் முதல் படியில் புலம் இடந்தோறும் ஒரே மதிப்புடையதாகக் கொள்ளப்படுகிறது.