காற்றை இறக்கிய மேஜர்

புதுசாக ஒரு ஜீப் கைக்கு வந்துவிட்டால் நம்ம ஆட்கள் முதலில் கை வைப்பது டயரில்தான். இரண்டு அங்குலமாவது பெரிசாக, பட்டன் பட்டனாகப் புடைத்துக்கொண்டு நிற்கிற டயர் வேண்டும். அப்புறம் முன்னால் ஒரு இரும்பு பம்பர், மேலே ஒரு கேரியர், நாலு விளக்கு. வண்டி பார்க்க மிரட்டலாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெரிய டயர் எதற்காக வந்தது, அதை முதலில் தேடிப் போனவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. எனக்கும் சமீபத்தில்தான் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் இந்தப் பதிவு. (காமர்ஸ் படிப்பவனுக்கு டயரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடைசியில் எல்லாம் வரவு செலவுக் கணக்குதான்.)

கதை நடப்பது எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவில் கிடக்கிற பாலைவனத்தில். முதல் உலகப் போரின்போது, 1916 முதல், பிரிட்டிஷ் ராணுவம் அங்கே ரோந்துக்கு ஃபோர்டு மாடல் டி கார்களை அனுப்பியது. மாடல் டி என்றால் 20 குதிரைசக்தி எஞ்சின், பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி. டயரோ சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி, மூன்று மூன்றரை அங்குல அகலம்தான். அதற்குள் கல்லு மாதிரி காற்று அடைத்திருப்பார்கள். இதை வைத்துக்கொண்டு எப்படிப் போனார்கள்? வண்டியின் எடை சுமார் 550 கிலோதான். மாட்டிக்கொண்டால் நாலு பேர் சேர்ந்து தூக்கித் தள்ளிவிடலாம். கெட்டியான சரளைத் தரையில் ஓடும், இளகிய மணலில் இறங்கிவிடும். பெரிய மணல்மேடுகள் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவதுதான் அப்போது வழி.

மணலையே கடக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் வண்டியையே மாற்றிப் பார்த்தார்கள். பிரான்சில் சித்ரோயன் நிறுவனம் பின் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் பட்டை மாட்டிய வண்டிகளை 1922 டிசம்பரில் அனுப்பி சஹாராவைக் கடக்க வைத்தது. ரெனோ சும்மா இருக்குமா? 1924ல் ஆறு சக்கர வண்டி, ஒவ்வொரு சக்கரத்திலும் இரட்டை டயர், ஆக ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு டயர் என்று இறக்கியது. இரண்டுமே பாலைவனத்தைக் கடந்தன. ஆனால் பட்டை வண்டி மெதுவாகப் போகும், பட்டை தேயும். பன்னிரண்டு டயர் என்றால் பன்னிரண்டு பஞ்சர். கம்பெனிக்கு விளம்பரம் கிடைத்தது. சொந்தக் காசில் போகிற மனிதனுக்கு இது ஆகாது.

சொந்தக் காசில் போன மனிதர்தான் நம் கதாநாயகர். ரால்ஃப் பாக்னால்டு, 1896ல் பிறந்தவர், பிரிட்டிஷ் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவு அதிகாரி. 1920களின் பிற்பாதியில் கெய்ரோவில் வேலை. மற்ற அதிகாரிகள் விடுமுறைக்குப் போலோ ஆடப் போக, இவரும் நண்பர்கள் சிலரும் கை காசு போட்டு பழைய ஃபோர்டுகளை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போனார்கள். முதலில் மாடல் டி, பிறகு மாடல் ஏ. அரசாங்கப் பணம் கிடையாது, கம்பெனி ஆதரவு கிடையாது. வழியில் வண்டி நின்றால் தேடி வர ஆளும் கிடையாது. அங்கே தப்பான பாகத்தை மாட்டிக்கொண்டு போனால் பில் தொகையோடு விஷயம் முடியாது, உயிர் போகும். அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் "இது எனக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும்" என்று கேட்டுத்தான் செய்தார்கள்.

டயர் விஷயத்தில் அவர்களுக்கு நேரமும் கூடி வந்தது. 1923ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் பலூன் டயரை விற்க ஆரம்பித்திருந்தது. அதுவரை இருந்ததை விட அகலம், மெல்லிய சுவர், உள்ளே பாதிக் காற்று. சாலையில் குலுங்காமல் போகத்தான் அதை செய்தார்கள். பாக்னால்டு கோஷ்டி அகலமான டயரைப் போட்டுக்கொண்டு, மணல் வந்ததும் அதிலும் காற்றை இறக்கிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டாயிரம் கிலோ வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது சுமார் 4400 பவுண்டு. டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க மொத்தம் சுமார் 126 சதுர அங்குல டயர் தரையில் பட வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 31. நம்ம தபால் கார்டு ஒன்றரை அளவு, அவ்வளவுதான். காற்றை 15 பவுண்டுக்கு இறக்கினால் ஒரு சக்கரத்துக்கு 73 சதுர அங்குலம், கிட்டத்தட்ட நாலு கார்டு. டயரின் சுவரும் கொஞ்சம் எடை தாங்கும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு துல்லியமாக வராது, ஆனால் போக்கு இதுதான். கூடுதலாகக் கிடைக்கிற இடம் பெரும்பாலும் நீளவாக்கில் கிடைக்கும், அகலவாக்கில் கொஞ்சம்தான். டயர் ஒரு குட்டி டாங்கிப் பட்டை மாதிரி படுத்துக்கொள்கிறது. சித்ரோயன்காரர்கள் இரும்பும் ரப்பரும் போட்டுச் செய்ததை இவர்கள் வால்வு ஊசியை ஒரு குச்சியால் அழுத்திச் செய்துவிட்டார்கள்!

அப்படியென்றால் பெரிய டயர் எதற்கு? காற்றை இறக்கினால் டயர் நசுங்கும். சின்ன டயராக இருந்தால் ரிம் தரையில் இடிக்கும், டியூப் கிழியும். நசுங்கவும் இடம் வேண்டும், நசுங்கிய பிறகு ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் மிச்சமும் வேண்டும். அந்த மிச்சத்துக்காகத்தான் உயரமான, சதைப்பற்றுள்ள டயர். இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகு எனக்கு ஊரில் பார்க்கிற பாதி வண்டிகள் வேடிக்கையாகத் தெரிகின்றன. பெரிய ரிம், மேலே தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற டயர், அதிலும் முழுக் காற்று. உயரம் வந்துவிட்டது, உபயோகம் வரவில்லை :-)

டயரோடு பாக்னால்டு நிற்கவில்லை. அவர் செய்த மற்ற மாற்றங்களில் பாதி, கழற்றிப் போடுவதுதான். கதவு, கூரை, கண்ணாடி என்று ஓட்டத்துக்குத் தேவையில்லாத எடை எல்லாம் வெளியே. மிச்சமான எடையில் தண்ணீரும் பெட்ரோலும் ஏறின. ரேடியேட்டர் கொதித்து ஆவி வீணாகிறதா? அதன் மேல் குழாயிலிருந்து ஒரு ரப்பர் ட்யூபை எடுத்து, வண்டிப் பக்கவாட்டில் பாதித் தண்ணீரோடு கட்டிய டின்னுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே போய் குளிர்ந்து தண்ணீராகும். வண்டியை நிறுத்தினால் ரேடியேட்டர் ஆறி, அதே குழாய் வழியாகத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். செலவு ஒரு டின், ஒரு ட்யூப். மிச்சம், எஞ்சின் குடித்திருக்க வேண்டிய தண்ணீர் மனிதனுக்கு.

அப்படியும் மாட்டிக்கொண்டால்? கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில், போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்த இரும்புத் தகடுகள் கிடந்தன. தகரப் பள்ளம் மாதிரி வளைந்தவை, ஒவ்வொன்றும் சுமார் ஐந்து அடி. அதை வாங்கி வந்து சக்கரத்தின் முன்னால் சொருகி வண்டியை மேலே ஏற்றினார்கள். இன்றைக்கு வண்ண வண்ணப் பிளாஸ்டிக்கில் விற்கிற மீட்புப் பலகைகளுக்குத் தாத்தா இந்தப் பழைய இரும்புதான்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு 1930ல் மாபெரும் மணற்கடல் எனப்படும் பகுதிக்குள் மாடல் ஏ வண்டிகளில் போய் வந்தார்கள். மணல்மேட்டைப் பார்த்துத் தயங்காமல், காற்றடிக்கும் பக்கத்துக் கெட்டி மணலில் நேராக வேகமெடுத்து ஏறினால் வண்டி ஏறிவிடுகிறது என்று கண்டுபிடித்தது ஒரு பெரிய திருப்பம். 1932ல் இன்னும் நீண்ட பயணம். அரச புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் தந்தது. மணல் எப்படி நகர்கிறது என்று அவர் எழுதிய 1941ம் வருடப் புத்தகம் இன்றும் அந்தத் துறையின் அடிப்படை நூல். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரில்தான் இந்தக் கணக்குக்கு உண்மையான தேர்வு வந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஓய்விலிருந்து திரும்ப அழைக்கப்பட்டிருந்த பாக்னால்டு, ஜெனரல் வேவலிடம் போய், பாலைவனத்தின் உள்ளே எதிரிக்குப் பின்னால் சுற்றி வர ஒரு படை வேண்டும் என்றார். ஆறு வாரம் அவகாசம் கிடைத்தது. நியூஸிலாந்து வீரர்கள் வந்தார்கள். நீண்டதூரப் பாலைவனப் படை என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான். (1941ல் தொடங்கிய இந்திய நீண்டதூரப் படைப்பிரிவும் பிறகு இதோடு சேர்ந்து வேலை பார்த்தது. நம் பாடப் புத்தகங்களில் நான் பார்த்ததில்லை.) வண்டிக்கு என்ன செய்தார்? செவ்ரோலே ஒன்றரை டன் லாரிகள். சில எகிப்தில் விற்பனைக்கு இருந்தவை, மீதி எகிப்திய ராணுவத்திடம் கேட்டு வாங்கியவை. கேபினைக் கழற்றி, பட்டை ஸ்பிரிங்குகளில் கூடுதல் பட்டை சேர்த்து, அகலமான மணல் டயர் போட்டு, அதே ஆவி டின்னை மாட்டினார்கள். கவனியுங்கள், இவை ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. பின் சக்கரம் மட்டும்தான்.

1941ல் அவற்றுக்குப் பதிலாக கனடாவில் செய்த ஃபோர்டு லாரிகள் வந்தன. நாலு சக்கரமும் இழுக்கும், எஞ்சினும் பெரிசு. காகிதத்தில் பார்த்தால் எல்லா விதத்திலும் மேல். ஓட்டிப் பார்த்தால் எடை அதிகம், பெட்ரோலை அப்படியே குடித்தது. ஆயிரம் மைல் போக வேண்டிய படைக்கு இது சும்மா விஷயமல்ல. அதிகம் குடித்தால் அதிகம் சுமக்க வேண்டும், அதிகம் சுமந்தால் இன்னும் குடிக்கும். போதாக்குறைக்கு பிரிட்டிஷாரின் நாலு காலன் பெட்ரோல் டின்கள் மெல்லிய தகரம், வழியெல்லாம் ஒழுகும். 1942ல் படை மறுபடி செவ்ரோலேக்கே திரும்பியது. மறுபடி பின் சக்கர டிரைவ்தான்! என்னைக் கேட்டால் வண்டி மாற்றியமைப்பு வரலாற்றிலேயே மிக நேர்மையான முடிவு இதுதான். நல்லதென்று கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

அப்போது ஃபோர் வீல் டிரைவும் ராட்சச டயரும் வீணா என்றால், இல்லை. தரை மாறினால் கணக்கும் மாறும். அதற்கு ஐஸ்லாந்து போக வேண்டும். அங்கே பனியாற்றின் மேல் ஆழமான, பொலபொலவென்ற பனி. மணலாவது அழுத்தினால் கொஞ்சம் கெட்டிப்படும், இந்தப் பனியில் 15 பவுண்டு காற்றே அதிகம். 1980களில் அங்குள்ளவர்கள் 38 அங்குலம், பிறகு 44 அங்குல டயர்களைப் போட்டு, காற்றை இரண்டு மூன்று பவுண்டுக்கு இறக்கி ஓட்டினார்கள். அவ்வளவு இறக்கினால் சாதா டயர் ரிம்மோடு ஒட்டிப் போய்விடும். இங்கே 38 அங்குலம் அலங்காரமல்ல, வேறு வழியில்லாத தேவை. 1990ல் டொயோட்டா விற்பனையாளரின் ஒரு பிரிவாகத் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் இதையே தொழிலாக்கியது. 2007ல் ஒரு பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சிக்காக காந்த வட துருவத்தை நோக்கிப் போன ஹைலக்ஸ் வண்டிகள் அவர்கள் கை வைத்தவை.

ஆனால் அந்த டயருக்கு அவர்கள் கொடுத்த விலை டயரோடு முடியவில்லை. மட்கார்டை வெட்ட வேண்டும். சக்கரம் பெரிசானதால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், எஞ்சின் திணறும், அதனால் ஆக்ஸில் கியரை மாற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். 29 அங்குலத்திலிருந்து 33க்குப் போனாலே, முள் 60ல் நிற்கும்போது வண்டி நிஜத்தில் 68ல் போய்க்கொண்டிருக்கும். 38 என்றால் கேட்கவே வேண்டாம். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் அதிகம் உழைக்க வேண்டும். குறைந்த காற்றில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், அதற்கு ரிம்மில் பிடிப்பு ஏற்பாடு வேண்டும். பிறகு பனியிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கியதும் அதே தளர்ந்த டயரில் வேகம் போனால் சுவர் மடிந்து மடிந்து சூடாகி வெடிக்கும். அதனால் ஐஸ்லாந்து வண்டிகளில் எது இருக்கிறதோ இல்லையோ, காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஒன்று கட்டாயம் இருக்கும்.