ஒரு கவியும் ஒரு கயிறும்

பாரதியார் எழுத ஆரம்பித்த காலத்தில் தமக்கு ஷெல்லிதாசன் என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். ஆகவே ஷெல்லி நமக்கு அந்நியன் இல்லை. முப்பது வயது நிறைய ஒரு மாதமே இருந்தபோது அந்தக் கவி இத்தாலியக் கடலில் மூழ்கிப் போனதும் நாம் கேள்விப்பட்டதுதான். புயல் வந்தது, படகு போயிற்று என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு எல்லோரும் கவிதைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் படகைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும் என்று தோன்றுகிறது. முக்கியமாக, அதில் இருந்த ஒரு கயிற்றைப் பற்றி.

பாய் கட்டிய சின்னப் படகைப் பார்த்தால், மரத்தின் அடிப்பக்கத்திலிருந்து பின்னோக்கி நீளும் ஒரு கட்டை தெரியும். பாயின் கீழ் ஓரம் அதில் கட்டப்பட்டிருக்கும். இங்கிலீஷில் அதைப் பூம் என்கிறார்கள். அந்தக் கட்டையிலிருந்து கப்பிகள் வழியாக ஒரு கயிறு இறங்கி வரும். அதற்குப் பெயர் மெயின்ஷீட். ஷீட் என்றதும் துணி என்று நினைத்துவிடக் கூடாது. அது கயிறுதான். நம் கரையோரத்தில் தாமான் என்று சொல்கிறார்களே, அதுதான். கயிற்றை இழுத்தால் பாய் படகின் நடுவுக்கு வரும்; விட்டால் வெளியே போகும். திடீரென்று பலமாகக் காற்று அடிக்கும்போது கயிற்றை விட்டுவிட வேண்டும். பாய் காற்றை வழியவிட்டுப் படபடக்கும், படகு நிமிர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் கயிறு சிக்கிக்கொண்டால் காற்றின் பலம் முழுவதும் படகின் தலையில் விடியும். ஆகவே ஈரத்தில் ஊதிய கயிறு கப்பியில் இறுகாமலும், சுருள்கள் காலடியில் பின்னிக்கொள்ளாமலும், அவிழ்க்க முடியாத முடிச்சு விழாமலும் பார்த்துக்கொள்வதுதான் படகுக்காரனின் முதல் பாடம்.

ஷெல்லியின் படகு 1822ல் ஜெனோவாவில் கட்டப்பட்டது. சுமார் 24 அடி நீளம், இரண்டு பாய்மரம், மேல்தளம் கிடையாது. மாதிரியைக் கொடுத்தவர் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற நண்பர். சிறு வயதில் கப்பற்படையில் இருந்தவர். பிறகு இந்தியாவில் ராணுவ அதிகாரியாக இருந்தவர். கட்டிய கேப்டன் ராபர்ட்ஸுக்கு அந்த மாதிரி பிடிக்கவில்லை. நண்பர் பிடிவாதம் பிடித்தார். இரண்டு டன் இரும்பை அடியில் பாரமாகப் போட்ட பிறகும் காற்று வந்தால் படகு தள்ளாடியது என்று ட்ரிலானி எழுதுகிறார். போதாக்குறைக்கு, ஜூன் மாதத்தில் மரங்களின் மேல் இன்னும் மரம் வைத்து, பாயையும் கூட்டினார்கள். வேகம் வேண்டுமாம்!

இந்த ட்ரிலானி கடலில் பழகியவர். ஷெல்லியுடன் ஒரு நாள் அதே படகில் போனதைப் பற்றிச் சொல்கிறார். கவியிடம் சுக்கானைக் கொடுத்தார்கள். அவர் கையில் புத்தகம். வில்லியம்ஸ் ஒரு பக்கம் திருப்பச் சொன்னால் அவர் வேறு பக்கம் திருப்பினார். அந்தக் குழப்பத்தில் மெயின்ஷீட் சிக்கிக்கொண்டது. படகு யார் சொல்லும் கேட்கவில்லை. கயிற்றை விடுவித்தபோது ஷெல்லியின் தொப்பி தண்ணீரில் போய் விழுந்தது. தான் பிடித்திராவிட்டால் ஆளும் தொப்பியின் பின்னாலேயே போயிருப்பார் என்கிறார் ட்ரிலானி. தொழில் தெரிந்த மாலுமி ஒருவனை வைத்துக்கொள்ளும்படி அவர் யோசனை சொன்னார். வில்லியம்ஸுக்கு ரோசம் வந்துவிட்டது. ஷெல்லி சிரித்தாராம்.

ட்ரிலானி கதையை ஊதிப் பெருக்குகிற ஆசாமி. இதை அவர் புத்தகமாக வெளியிட்டதும் 1858ல்தான். இருந்தாலும், ஒரு கயிறு சிக்கியதைக் கற்பனை செய்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

1822 ஜூலை 8ந் தேதி பிற்பகலில் ஷெல்லி, வில்லியம்ஸ், சார்லஸ் விவியன் என்ற 18 வயதுப் பையன் ஆகிய மூவரும் லிவோர்னோவிலிருந்து புறப்பட்டார்கள். லெரிச்சிக்குப் பக்கத்தில் கடலோர வீட்டில் மேரியும் ஜேனும் காத்திருந்தார்கள். ஜெனோவாக்கார மாலுமி ஒருவன், விடியற்காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும் என்றான். மாலுமி இல்லாத திறந்த படகில் உச்சிப் பாய் எதற்கு என்று கேட்டான். தென்மேற்கில் மேகம் கறுத்தது. மூடுபனி படகை மறைத்தது. சுமார் இருபது நிமிஷம் பேய்க்காற்றும் இடியும். பனி விலகியபோது மற்றப் படகுகள் தெரிந்தன, அது தெரியவில்லை.

பத்து நாள் கழித்து வியாரெஜ்ஜியோ கரையில் ஷெல்லியின் உடல் கிடைத்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. சட்டைப் பையில் மடக்கி வைத்திருந்த கீட்ஸின் கவிதைப் புத்தகம்தான் ஆளைச் சொல்லிற்று. ஆகஸ்டு 16ந் தேதி அந்த மணலிலேயே தகனம் செய்தார்கள். செப்டம்பரில் படகை மேலே எடுத்தபோது மரங்கள் இரண்டும் முறிந்திருந்தன, பக்கவாட்டிலும் அடிபட்டிருந்தது. வேறு படகு மோதிவிட்டது என்றார்கள். கொள்ளைக்காரர்கள் என்றும் சொன்னார்கள். கவி சாவைத் தேடிப் போனார் என்று சொன்னவர்களும் உண்டு.

கடைசி வேளையில் அந்தக் கயிறு சிக்கியதா இல்லையா என்பதற்குச் சாட்சி இல்லை. ஆகவே கயிறுதான் கொன்றது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் கடல் ஒரு தடவை எச்சரித்திருந்தது. மேடை போட்டு அல்ல. கப்பியில் ஒரு கயிற்றை மாட்டி, ஒரு தொப்பியை வாங்கிக்கொண்டு எச்சரித்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு மாலுமி ஏறியிருப்பான். உச்சிப் பாய் இறங்கியிருக்கும்.

ஷெல்லியை நினைத்து உருகுகிறவர்கள் ஏராளம். வில்லியம்ஸுக்கும் ஓரிருவர் இருக்கிறார்கள். தன் பிடிவாதம் ஏதும் இல்லாமல், பெரியவர்கள் ஏறச் சொன்னதால் ஏறிய அந்த 18 வயதுப் பையனைத்தான் யாரும் நினைப்பதில்லை. அந்தக் கயிற்றைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான் வருகிறது.