மாயாஜாலப் படங்கள்

வாளேந்திய வீரன் ஒருவன் மந்திரவாதியையோ பூதத்தையோ வென்று இளவரசியை மீட்கும் கதையைச் சொல்லும் திரைப்பட வகை மாயாஜாலப் படம். 1940களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை தமிழில் இவை தொடர்ந்து வந்தன. பார்த்தவர்கள் இவற்றை 'ராஜா ராணிப் படம்', 'மந்திரவாதிப் படம்', 'விட்டலாச்சார்யா படம்' என்றெல்லாம் அழைத்தார்கள். தெலுங்கில் 'ஜானபதம்' என்று பெயர். நாட்டார் கதை என்று பொருள். சில பெருஞ்செலவுப் படங்களை விட்டுவிட்டால், மிகுதியானவை சிறு முதலீட்டில் விரைவாக எடுக்கப்பட்டவை. இலங்கை மலையகத்தில் நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் மக்கள் இவற்றை எப்படிப் பார்த்தார்கள் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். திரைக்கு முன்பே அங்கே கூத்து இருந்தது.

தோற்றம்

விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்களும் ஆயிரத்தொரு இரவுகளும் இந்தப் படங்களின் முதல் ஊற்று. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் சிலம்பமும் வாள்வீச்சும் பழகிய நடிகர்கள் இரண்டாவது ஊற்று. அந்த வழியில் வந்த பி. யு. சின்னப்பா 'உத்தமபுத்திரன்' (1940), 'ஜகதலப்பிரதாபன்' (1944) ஆகிய படங்களில் இதற்கு ஓர் அச்சு வார்த்துக் கொடுத்தார். வெளியிலிருந்து வந்த தூண்டுதலும் உண்டு. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த 1924ஆம் ஆண்டு பாக்தாத் திருடன் கதை, மைசூர்ப் பகுதியில் பிறந்த சிறுவன் சாபு நடித்து 1940இல் வண்ணத்தில் மறுபடி வந்தது. 1960இல் எம். ஜி. ஆர். நடிக்க அதே பெயரில் தமிழ்ப் படம் ஒன்றும் வெளியானது.

இவ்வகையின் சிகரம் 'பாதாள பைரவி' (1951). கே. வி. ரெட்டி இயக்கத்தில் விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த இப்படம் 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் எஸ். வி. ரங்காராவ் ஏற்ற நேபாள மந்திரவாதி வேடமும் இன்று பார்த்தாலும் மங்கவில்லை. கதாநாயகன் அரண்மனைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. தெலுங்கில் அவன் பெயரே தோட்ட ராமுடு. இளவரசியை விரும்பியவனிடம் தனக்கு நிகரான செல்வத்தோடு வா என்கிறான் அரசன். அதைத் தேடித்தான் அவன் மந்திரவாதியிடம் அகப்படுகிறான். தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் என்றே பொருள் கொண்ட மலையகத்தில் இந்தக் கதை வேறொரு அழுத்தத்தோடு விழுந்திருக்கும். விஜயா நிறுவனத்தின் நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1947இல் 'அம்புலிமாமா' சிறுவர் பத்திரிகையைத் தொடங்கியவர்கள். வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமனைப் பத்திரிகையிலும் மந்திரவாதியைத் திரையிலும் ஒரே கூட்டணி தந்தது.

விட்டலாச்சார்யா

செலவைச் சுருக்கி இவ்வகையை ஒரு தொழிலாகவே நிலைநாட்டியவர் பி. விட்டலாச்சார்யா (1920–1999). உடுப்பிக்கு அருகிலுள்ள உத்யாவரத்தில் பிறந்து, கன்னடப் படங்களில் தொடங்கி, சென்னைக்கு வந்து தெலுங்கில் 'ஜானபத பிரம்மா' என்று பெயரெடுத்தார். 'மதன காமராஜு கதா' (1962), என். டி. ராமராவ் நடித்த 'பந்திபோட்டு' (1963), 'அக்கி பிடுகு' (1964) ஆகியவை அவர் கைவரிசையைக் காட்டுபவை. ஒரு படத்து அரண்மனை அடுத்த படத்தில் வேறு நாட்டு அரண்மனை ஆகும். அவரைப் பற்றித் திரையுலகில் நெடுநாளாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: நடிகர் தேதி கொடுக்காமல் இழுத்தடித்தால், அந்தப் பாத்திரத்தை முனிவர் சாபத்தால் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்வாராம். உண்மையோ இல்லையோ, அவர் படங்களில் மனிதர்கள் அடிக்கடி விலங்காக மாறுவதென்னவோ உண்மை.

1978இல் வந்த 'ஜகன்மோகினி' அவருடைய பெருவெற்றி. ஜெயமாலினி பேயாக நடித்த இப்படம் தமிழிலும் மொழிமாற்றம் பெற்று ஓடியது. பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சியை அன்று பார்த்த எந்தச் சிறுவனும் மறந்திருக்க மாட்டான்.

தந்திரக் காட்சிகள்

கேமராவை நிறுத்தி ஆளை அகற்றிவிட்டு மீண்டும் ஓட்டினால் ஆள் மறைந்துபோவார். ஒரே பிலிமை இருமுறை ஓட்டினால் ஆவி சுவரை ஊடுருவும். லென்சின் பாதியை மறைத்து இரு தடவை எடுத்தால் ஒருவரே இரட்டையராவார். பின்னோக்கி ஓட்டினால் நொறுங்கிய சிலை ஒன்றுசேரும். பிரான்சின் ஜார்ஜ் மெலியே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கையாண்ட இவ்வித்தைகளை நம் ஸ்டூடியோக்கள் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கைவிடவில்லை. பம்பாயில் பாபுபாய் மிஸ்திரி 1937இல் கறுப்பு நூலில் பொருள்களைத் தொங்கவிட்டு மிதக்கச் செய்ததால் 'காலா தாகா', அதாவது கறுப்பு நூல், என்றே பட்டப்பெயர் பெற்றார். நூல் சில படங்களில் கண்ணுக்குத் தெரியும். அதுதான் இந்தப் படங்கள்மீது எல்லாரும் வைக்கும் முதல் குற்றச்சாட்டு.

மலையகத்தில்

எம். ஜி. ஆர். 1917இல் பிறந்த ஊராக நாவலப்பிட்டியே பொதுவாகக் குறிக்கப்படுகிறது. அங்கிருந்து மேலேறும் அதே ரயில் பாதை ஹட்டன், தலவாக்கலை கடந்து, 1885இல் திறக்கப்பட்ட நானுஓயா நிலையத்துக்கு வருகிறது. 'மந்திரி குமாரி' (1950), 'மர்மயோகி' (1951), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'நாடோடி மன்னன்' (1958) என்று வாள்சண்டையில் பெயர் பெற்ற நடிகரை 'நம்ம பக்கத்து ஆள்' என்று சொல்லிக்கொள்ள மலையகத் தமிழருக்கு இடமிருந்தது.

ஆனால் ஈர்ப்பின் வேர் அதைவிட ஆழமானது. தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடப்படும். வீரபத்திரனும் எமனும் நள்ளிரவில் களத்துக்கு வரும்போது பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிவார்கள். பொன்னர் சங்கரில் வாளெடுத்தவர்கள் படுகளத்தில் விழுவார்கள். தங்கை தங்காள் வந்து எழுப்புவாள். ராஜாவாகக் கிரீடம் வைத்து நிற்பவர் பக்கத்து லயத்துக்காரர் என்பதும், விடிந்ததும் அவர் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுப்பார் என்பதும் கூட்டத்துக்குத் தெரியும். தெரிந்தேதான் கும்பிட்டார்கள், பயந்தார்கள், அழுதார்கள். அந்தப் பழக்கத்தோடு நகரத்துப் படமாளிகைக்குப் போனவர்களுக்குத் திரையில் தெரிந்த நூல் ஒரு பொருட்டே அல்ல. அட்டைக் கோட்டையைக் கோட்டையாக ஏற்கும் பயிற்சி அவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. நகரத்து விமர்சகர் குறை என்று கண்டதைக் கூத்துப் பார்த்த கண் வேடம் என்று கண்டது. இந்தப் படங்களை மதிப்பிட வந்த பலரும் தவறவிட்டது இதைத்தான்.

1972இல் இலங்கை அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து இறக்குமதியைத் தன் கையில் எடுத்ததும் இந்தியப் படங்களின் வரத்து குறைந்தது. அக்காலத்தில் தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் 'புதிய காற்று' (1975) போன்ற படங்களில் தோட்ட மக்களையே திரைக்குக் கொண்டுவந்தார். 1980களில் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் பரவின.

குறையும் நிறையும்

குறைகள் சிறியவையல்ல. பெண் ஒன்று மீட்கப்பட வேண்டியவள், இல்லையேல் மயக்கி அழிப்பவள். மோகினியின் உடலைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பதில் பிற்காலப் படங்கள் கூச்சப்படவில்லை. பக்தியையும் கவர்ச்சியையும் ஒரே ரீலில் கலந்தார்கள். நல்லவன் ஏழையாக வளர்ந்தாலும் கடைசியில் அரச ரத்தம் என்று காட்டும் கதைகள் மிகுதி. ஏழை ஏழையாகவே இருந்து வெல்வது அரிது. இந்த வகையில் 'பாதாள பைரவி' மேலானது. தோட்டக்காரர் பிள்ளை இறுதிவரை தோட்டக்காரர் பிள்ளைதான். 'நாடோடி மன்னன்' இன்னும் ஒருபடி போய், சாமானியன் அரியணையில் அமர்ந்தால் என்னென்ன சட்டம் போடுவான் என்று விரித்துக் காட்டியது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவர்களாக நின்ற தோட்ட மக்கள் முன் அந்தக் காட்சி வெறும் மாயாஜாலமாக நின்றிருக்க முடியாது.

இதுபோன்ற படங்கள் வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் 1982இல் 'கோனன்' படம் வெற்றி பெற்ற பின், தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன் போன்றோர் குறைந்த செலவு வாள்-மந்திரப் படங்களை வரிசையாகத் தயாரித்தார்கள். அவற்றில் சில அர்ஜென்டினாவில் எடுக்கப்பட்டன. அவற்றை ரசிப்பவர்களும் நம் ரசிகர்களைப்போலவே அட்டை மலையையும் ரப்பர்ப் பூதத்தையும் நேசிக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் சிரிப்பதற்காகப் பார்ப்பவர்கள். நம்மவர்கள் பயந்து பார்த்தார்கள்.

1995இல் கணினி வரைகலையோடு 'அம்மன்' வந்தபோது நூலும் இரட்டைப் பதிவும் பழங்கதையாயின. 2009இல் மறுபடி எடுக்கப்பட்ட 'ஜகன்மோகினி' பழையதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

நானுஓயாத் தோட்டங்களில் கூத்தில் கிரீடம் கட்டி ஆடிக்கொண்டே இந்தப் படங்களையும் பார்த்த தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ அப்பாயியோ இருந்தால் அவர்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.