தபாலட்டைக் கிழவியும் தோர்சோக்கர் மலையும்

சுவீடனில் அச்சான பழைய உயிர்த்த ஞாயிற்றுத் தபாலட்டைகளைச் சில வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். பழைய சாமான் சந்தைகளில் பெட்டி பெட்டியாகக் கிடப்பவைதான். முட்டை, கோழிக்குஞ்சு, யேர்மனியிலிருந்து வந்துசேர்ந்த முயல் ஆகியவை அயல்நாட்டு அட்டைகளிலும் உண்டு. இந்த நாட்டின் தனி அடையாளம் தும்புத்தடியில் பறக்கும் சூனியக்காரக் கிழவி. தலையில் துணி, பின்னால் கறுப்புப் பூனை, தடியில் தொங்கும் செப்புக் கேத்தல். நத்தார்த் தாத்தாவை வரைந்து புகழ்பெற்ற யெனி நிஸ்திரோம் (1854-1946) உயிர்த்த ஞாயிற்று அட்டைகளும் வரைந்தவர்.

இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் நாளுக்குள் சூனியக்காரி எப்படி நுழைந்தாள்? பெரிய வியாழன் இரவில் சூனியக்காரிகள் புளோக்குல்லா என்ற இடத்துக்குப் பறந்துசென்று சாத்தானோடு விருந்துண்பார்கள் என்பது பழைய நம்பிக்கை. நாட்டார் கதை என்று சொல்லி இதை இலகுவாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கதை நீதிமன்றங்களில் சாட்சியமாக ஏற்கப்பட்டது என்பதே முக்கியமானது. 1668 இல் டாலர்னா மாகாணத்தில் தொடங்கிய வழக்குகளில், தங்களைப் புளோக்குல்லாவுக்குத் தூக்கிச் சென்றார்கள் என்று பிள்ளைகள் சாட்சி சொன்னார்கள். 1676 வரையில் ஏறத்தாழ 300 பேர் கொல்லப்பட்டனர். ஸ்ரொக்கோமில் பிள்ளைகள் தாம் சொன்னது பொய்யென்று ஒப்புக்கொண்ட பின்னரே அது ஓய்ந்தது. சூனியத்துக்கான மரணதண்டனை சட்டத்திலிருந்து நீங்க 1779 வரை செல்ல வேண்டியிருந்தது.

ஆகவே அட்டையில் நாம் காண்பது கொல்லப்பட்ட பெண்ணின் படமல்ல. அவள்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டின் படம். பறப்பது சாட்சியத்திலிருந்து வந்தது. தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளைகளைப் பெரும்பாலும் காணோம். கேத்தலோ பிற்காலத்தது: கோப்பி நாட்டுப்புறத்துச் சனங்களின் பானமானது 19ஆம் நூற்றாண்டிலேயே. (அட்டைகளில் நிறச் சிறகுகளோடு வரும் பேர்ச் மரக்கிளைக்கும் ஒரு முன்கதை உண்டு. கிறிஸ்துவின் பாடுகளை நினைவூட்டப் பெரிய வெள்ளியன்று ஒருவரையொருவர் அடித்த பிரம்பு அது.)

பயம் சிரிப்பாக மாறியதை வரவேற்பவர்கள் உண்டு. மேற்குச் சுவீடனில் 19ஆம் நூற்றாண்டு இளைஞர்கள் கிழவியின் படம் வரைந்த அநாமதேயக் கடிதங்களை அயலவர் வீடுகளில் எறிந்துவிட்டு ஓடுவார்கள். அச்சகங்கள் இந்த விளையாட்டைச் சுத்தப்படுத்தி விற்றன. சிரிப்பு மக்களை விடுவிக்கும் என்ற வாதம் எனக்கும் பிடித்ததுதான். ஆனாலும் இங்கே சிரிக்கப்படுவது கிழவியைப் பார்த்து, சுட்டிக்காட்டியவனைப் பார்த்தல்ல. அவனுக்கு அட்டையில் இடமே இல்லை.

அவன் யார் என்பதற்கு ஒங்கர்மன்லாந்து மாகாணத்துத் தோர்சோக்கரைப் பார்க்க வேண்டும். 1675 இல் அங்கும் அயற் பங்குகளிலுமாக 71 பேர் தலைவெட்டப்பட்டு எரிக்கப்பட்டனர். அவர்களில் 65 பேர் பெண்கள். விசாரணையை நடத்திய பாதிரியார் லௌரென்தியுஸ் ஹொர்நேயுஸ் ஆலய வாசலில் சிறுவர்களை நிறுத்தினார். உள்ளே செல்லும் பெண்களின் நெற்றியில், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத சாத்தானின் குறி இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். நமது தமிழில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தலையாட்டி என்ற சொல் எங்களிடம் இருக்கிறது.

இந்த விபரங்களைப் பாதிரியாரின் பேரன் 1735 இல் எழுதிவைத்தார். சொன்னவர் அவருடைய பாட்டி, பாதிரியாரின் மனைவி பிரித்தா ரூபினா. ஒருநாள் வாசலில் நின்ற சிறுவன் ஒருவன் அவரையே சுட்டிக்காட்டினான். அவர் அவனது கன்னத்தில் ஓங்கி அறைந்தார். வெயில் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி அவன் மன்னிப்புக் கேட்டானாம். பாதிரியாரின் மனைவி என்பதால்தான் அந்த அறை எடுபட்டது என்று நினைக்கிறேன்.