ஓடினா குற்றமா? வாச்சாத்தியும் சித்தேரி மலையும்

போலீஸைப் பார்த்து ஒருத்தர் ஓடினா, அதுக்கே தண்டனை உண்டா? இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

அமெரிக்காவில் போலீஸ் நிறுத்தச் சொல்லியும் காரை நிறுத்தாம போனா, பல மாநிலங்கள்ல அது தனிக் குற்றம். இங்கே அப்படி இல்லை. கைதானவர் தப்பிச்சா 2 வருஷம் வரை சிறைன்னு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 224-வது பிரிவு சொல்லிச்சு. கைதாகாதவர் ஓடிட்டா? முதல்ல கோர்ட் வாரண்ட் வேணும். அப்புறம் குறைஞ்சது 30 நாள் அவகாசம் கொடுத்து, அந்த அறிவிப்பை ஊர் நடுவுல வாசிக்கணும். சொத்தை ஜப்தி பண்ணவும் கோர்ட் உத்தரவு வேணும். தலைமறைவானதை மட்டும் வெச்சு ஒருத்தரைக் குற்றவாளின்னு முடிவு கட்டக் கூடாதுன்னு 1971-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

இப்போ தர்மபுரி மாவட்டத்துக்கு வருவோம். அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்துல இருக்கிற மலையாளிப் பழங்குடி கிராமம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு மூணு துறை ஆட்களும் ஊருக்குள்ள வந்தாங்க. ஆண்கள் பலர் சித்தேரி மலைக்கு ஓடினாங்க. மாசக்கணக்கில் காட்டுலயே ஒளிஞ்சிருந்தாங்க.

ஓடாதவங்க கதை இன்னும் கொடுமை. பெண்களையும் குழந்தைகளையும் ஆலமரத்தடியில் கூட்டினாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. குழந்தைகளோட சேர்த்து நூறு பேருக்கு மேல சிறைக்குப் போனாங்க. வீடுகளை உடைச்சு, தானியத்தைக் கொட்டி, கிணத்துத் தண்ணியைக் கெடுத்தாங்க. சட்டம் கேட்கிற 30 நாள் அவகாசமோ, ஜப்தி உத்தரவோ எதுவுமே கிடையாது.

மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாம போராடின பிறகு, வழக்கு சிபிஐ கைக்குப் போச்சு. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னப்போ, குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் இறந்திருந்தாங்க. மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள்னு தீர்ப்பாச்சு. சரியா 12 வருஷம் கழிச்சு, 2023 செப்டம்பர் 29-ல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சு, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிச்சு.

2005-ல் சட்டத்தைத் திருத்தி, கோர்ட் அறிவிச்சும் ஆஜராகாம இருக்கிறதைத் தனிக் குற்றமாக்கினாங்க. இப்போ அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 209-வது பிரிவு. அதுக்கும் முதல்ல கோர்ட் அறிவிப்பு வேணும். "தப்பு பண்ணலன்னா ஏன் ஓடுறான்?"னு யாராவது கேட்டா, வாச்சாத்தியில நின்னவங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.